மேஜர் உதயகுமாரின் உடலை வாங்கிக்கொள்ள ஒரு ஆள்

மேஜர் உதயகுமார் செத்துக் கிடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, கோரைத்துறை கடைவீதியில், சாரநாதன் அச்சகத்துக்குள்ளே, காகிதம் வெட்டும் இயந்திரத்தின் மேசைமேல். கோட்டு சூட்டோடு மல்லாந்து, வலது கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்தபடி, நெஞ்சில் பொட்டளவு துளையோடு. அவர் செத்ததில் ஊரில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால் தொண்ணூறைத் தொட்டவர், போகவேண்டிய வயதுதான். முகம் மட்டும் நாற்பதிலேயே நின்றுபோயிருந்ததைப் பட்டாளத்து உடம்பு என்று சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். அதிர்ந்துபோனது நிறைமதி ஒருத்திதான். ஏனென்றால் மேஜர் உதயகுமார் என்று ஒரு மனிதன் பிறக்கவே இல்லை என்பதை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், அடிக்குறிப்பு சகிதம் எழுதி, அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் கொடுக்க இருந்தவள் அவள்.

"சார், இவர் இல்லவே இல்லையே" என்றாள் அச்சக முதலாளி பாலகுருவிடம்.

"இல்லேன்னா எப்படிம்மா. இதோ கெடக்காரே" என்றார் பாலகுரு.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாலகுருவின் அப்பா சாரநாதன் 1961இல் 'கருப்புக் குடை' என்ற மாத மர்ம நாவலைத் தொடங்கினார். முதலில் சீமைத் துப்பறியும் கதைகளை ஊர் பேர் மாற்றிப் போட்டார். லண்டன் மூடுபனி மார்கழிப் பனியாயிற்று, கோச்சு வண்டி ஜட்காவாயிற்று, பிரபுவின் மாளிகை மிராசுதார் பங்களாவாயிற்று. பிறகு சொந்தமாக எழுத ஆள் பிடித்தார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார், பெயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததும் மெட்ராஸ் வார இதழுக்குப் போய்விட்டார். முத்திரைத்தாள் விற்கிறவர் ஒருவர் எழுதினார், அவரும் போனார். ஒரு கம்பவுண்டர் எழுதினார், அவர் போகும்போது வாசகர்களையும் கூட்டிக்கொண்டு போனார். வெறுத்துப்போன சாரநாதன், விட்டுவிட்டு ஓடமுடியாத ஒரு எழுத்தாளர் வேண்டும் என்று முடிவு கட்டி, ஆளில்லாமல் ஒரு பெயரை மட்டும் உண்டாக்கினார். மேஜர் என்று ஏன் வைத்தாரென்றால், பிணத்தைப் பற்றிப் பட்டாளத்துக்காரன் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள். போட்டோ கேட்டு வாசகர்கள் எழுதியபோது, சாரநாதனின் மைத்துனர் நெற்றியும், சோப்பு காலண்டர் மீசையும், ஃபோர்மேன் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு மார்பளவுப் படம் வரையப்பட்டு, பிளாக் எடுக்கப்பட்டு, வருஷா வருஷம் தீபாவளி இதழில் வந்தது. கன்னத்தில் கை வைத்திருப்பார். சிந்திக்கிறாராம்.

பெயர் இருந்தது, படம் இருந்தது, எழுதத்தான் ஆளில்லை. அந்த மாதத்து அட்டை சிவகாசியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. கருப்புக் குடையில் அட்டைதான் முதலில் அச்சாகும், கதை பின்னால்தான். சிவகாசிக்காரர் தன் மனம்போல ஒரு படமும் ஒரு தலைப்பும் போட்டு அனுப்பிவிடுவார், அட்டையில் நீலப்புடவைப் பெண் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கினால் கதையில் ஒரு நீலப்புடவைப் பெண் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கியே ஆகவேண்டும், அது அங்கே சட்டம். அப்போது புரூஃப் பார்க்க வந்து எட்டு மாதமே ஆகியிருந்த தையல்நாயகி என்கிற இருபத்தொரு வயதுப் பெண், அட்டையை எடுத்துப் பார்த்து, "நான் வேணா எழுதிப் பாக்கவா முதலாளி" என்றாள். நாலு நாளில் எழுதினாள். அது 1968. அதிலிருந்து 1996இல் டெலிவிஷன் வந்து கருப்புக் குடையை மூடவைக்கும் வரைக்கும், காகிதப் பஞ்சத்திலும், மிசாவிலும், எழுபதாயிரம் பிரதி விற்ற நல்ல நாளிலும், ஏழாயிரம் விற்காத கெட்ட நாளிலும், பஸ் ஸ்டாண்டில் தொங்கிய, ரயிலில் மறந்துவிடப்பட்ட, ஹாஸ்டல் தலையணைக்குக் கீழே கிழிந்த முன்னூற்று முப்பத்தொரு மேஜர் உதயகுமார் நாவல்களையும் எழுதியவள் அவள்தான். கூடவே அவற்றுக்குப் புரூஃபும் அவளே பார்த்தாள். அதற்குத்தான் சம்பளம்.

நிறைமதி இதைச் சும்மா சொல்லவில்லை. அச்சக மச்சில், வீணான அச்சுத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்ட மூலப்பிரதிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன, எல்லாம் ஒரே கையெழுத்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் பாலகுருவோடு சண்டை போட்டாள். பழைய நாவல்களை மறுபதிப்புப் போட அவர் கிளம்பியிருந்த நேரம் அது. மேஜர் பெயரை எடுங்கள், அந்தம்மா பெயரைப் போடுங்கள் என்றாள். அச்சகத்தில் கேட்டாள், அவர் வீட்டு வாசலில் கேட்டாள், ஒரு தடவை அவர் பல் பிடுங்கிக்கொண்டு பஞ்சைக் கடித்தபடி ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதும் கேட்டாள். பேச முடியாத அந்த நிலைமையில்தான் அவர் சரியென்று தலையாட்டினார். மறுநாள் சிவகாசிக்கு போன் பண்ணினார்: "மேஜர் கதை முடிஞ்சுபோச்சு அண்ணாச்சி. இனிமே அந்தம்மாதான். அதுக்குத் தக்கன ஒரு அட்டை போட்டு அனுப்புங்க."

நாற்பது வருஷமாகப் பிணம் வரைந்த கை அது. வேறெப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ளும்? திங்கட்கிழமை ஐயாயிரம் அட்டை வந்து இறங்கியது. மேலே 'மேஜர் உதயகுமாரின் மரணம்' என்று கொட்டை எழுத்து. நடுவில் வெட்டும் மேசைமேல் கோட்டு சூட்டோடு மேஜர், நெஞ்சில் துளை. கீழே, எந்த மாதமும் மாறாத அந்தப் பட்டையில், வழக்கம்போல, 'எழுதுபவர்: மேஜர் உதயகுமார்'. நிறைமதி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அட்டையில் இருந்தது மேசையில் இருந்தது. அவ்வளவுதான். அட்டை வந்தபின் அதற்குத் தக்கபடி மற்றது வராமல் இருந்ததில்லையே, அந்த அச்சகத்தில்.

இன்ஸ்பெக்டர் அற்புதராஜ் வந்தார். பிணத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். எட்டாம் வகுப்பில் புவியியல் புத்தகத்துக்குள்ளே மேஜரை வைத்துப் படித்து, பிடிபட்டு, முட்டிபோட்டு, அதனாலேயே போலீஸ் வேலைக்கு வந்தவர் அவர். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா உடலைப் பரிசோதித்தபோது தோல் முழுக்கப் புள்ளியாக இருப்பதைக் கண்டார். நிழல் விழவேண்டிய இடத்தில் நெருக்கமாக, வெளிச்சம் படவேண்டிய இடத்தில் தள்ளித்தள்ளி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளி, ஓரடி தள்ளி நின்றால் மனிதன். நாள்பட்ட சருமநோய் என்று எழுதினார். தீபாவளி இதழ்ப் படம் மார்பளவோடு நின்றிருந்ததால் அதற்குக் கீழே என்ன இருக்கும் என்று நிறைமதிக்குப் பெரிய சந்தேகம். கால்கள் இருந்தன. ஆனால் ரொம்ப அவசரத்தில் போட்டமாதிரி இருந்தன, இரண்டும் இடதுகால். டாக்டரம்மா அதையும் எழுதினார், பிறவிக் குறை என்று.

பிறகு ஊர் பேச ஆரம்பித்தது. மேஜர் சர்க்கரை இல்லாமல்தான் டீ குடிப்பார் என்றார் டீக்கடைக்காரர். மீசையை என்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டார் என்றார் சலூன்காரர். லாட்ஜ் பதிவேட்டில், எழுபத்து நாலாம் வருஷத்துப் பக்கத்தில், ஐந்தாம் நம்பர் அறைக்கு எதிரே அவர் கையெழுத்தே கிடைத்தது. மை இன்னும் காயாமலிருந்ததை மழைக்காலம் என்றார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் வந்து, எந்த ரெஜிமென்ட் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு மலர்வளையம் வைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் வாசகர்கள் பஸ் பிடித்து வந்து, கோயில் வரிசைபோல வரிசையில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நிறைமதி வரிசையின் ஓரத்தில் நின்று ஒவ்வொருவரிடமும் விளக்கினாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், பாவம் பெரியவருக்கு ரொம்ப வேண்டிய பெண் போலிருக்கிறது, அதிர்ச்சியில் என்னவோ பேசுகிறது என்று ஒரு அம்மாள் அவளுக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள்.

அவள் இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், அந்த ஆளோட விரலைப் பாருங்க. முன்னூத்தி முப்பத்தொரு புத்தகம் எழுதின விரல் அது? காய்ப்பு இல்ல, மைக்கறை இல்ல, ரேகைகூட இல்ல. குழந்தை விரல்கூட இதைவிட வேலை பாத்திருக்கும்."

"பெரிய எழுத்தாளருங்க எழுத மாட்டாங்கம்மா. சொல்லுவாங்க."

"அப்ப இவங்க விரலைப் பாருங்க." தையல்நாயகியின் கையைப் பிடித்து நீட்டினாள். எழுபத்திரண்டு வயதுக் கை, நடுவிரலின் மேல்கணுவில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். மரியாதையோடுதான் பார்த்தார். "அதைத்தான் நானும் சொல்றேன். அவரு சொன்னாரு, இவங்க எழுதினாங்க. புரூஃப் பாக்கறவங்கதானே."

"யாரு சொன்னா அவரு சொன்னார்னு?"

"பின்ன, இவங்களா யோசிச்சாங்க?" அதில் கிண்டல்கூட இல்லை. உண்மையாகவே கேட்டார்.

இரண்டு இடதுகாலோடு, உடம்பெல்லாம் அச்சுப்புள்ளியோடு, திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் எங்கிருந்தோ வந்து கிடக்கிற ஒருவனை நம்புவதற்கு இவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அறுபது வருஷமாக அதே தெருவில் கத்தரிக்காய் வாங்குகிற ஒரு பொம்பளை எழுதினாள் என்பதை நம்பத்தான் அத்தனை பேருக்கும் அத்தாட்சி வேண்டியிருந்தது. அற்புதம் எது, இதில்?

தையல்நாயகி எப்போதுமே அவ்வளவு பேசுகிறவள் இல்லை. முதல்நாள் பிணத்தை வந்து பார்த்தபோதும், "கோட்டுல பொத்தான் ஒண்ணு குறையுது. பதினோராம் அத்தியாயத்துல அதை வச்சுத்தான் கொலைகாரனைப் பிடிச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

வியாழக்கிழமை சட்டச் சிக்கல் வந்தது. உடலை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மறுநாள் மாலைக்குள் யாரும் கையெழுத்துப் போடாவிட்டால் அனாதைப் பிணமென்று நகராட்சி எடுத்துப் புதைத்துவிடும். மேஜரை அனாதையாக விடுவதா என்று ஊர் கொதித்தது. அப்போது வார்டு கவுன்சிலர் மல்லிகாதான், எல்லார் மனதிலும் ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்ததை வாய்விட்டுச் சொன்னாள்: "தையலக்கா இருக்கே. இருவத்தெட்டு வருஷம் ஒரே ஆபீஸு. கல்யாணமும் பண்ணிக்கல. யாருக்காகப் பண்ணிக்காம இருந்துச்சு, சொல்லுங்க?"

சொன்னதுதான் தாமதம், எல்லாம் பொருந்திவிட்டது. அவள் ஏன் தனியாக இருந்தாள், ஏன் ராப்பகலாக எழுதினாள், ஏன் அவர் பெயரைப் போட்டாள். அன்பு, வேறென்ன. ஊரே உருகிப்போனது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மல்லிகாவும் தெருப் பெண்கள் ஏழு பேரும் தட்டில் கோடிப் புடவையும் பூவும் கண்ணாடி வளையலும் எடுத்துக்கொண்டு தையல்நாயகி வீட்டுக்கு வந்தார்கள். பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு பூவை எடுத்து, வளையலை உடைக்க வேண்டும். சுமங்கலியாகவே இருந்திராதவளை எப்படி விதவையாக்குவது என்பதற்கு முந்தினநாளே யோசித்து வழி கண்டுபிடித்திருந்தார்கள். பின்னால் பாலகுரு, கையில் காகிதத்தோடு.

"தையலக்கா, ஒரே ஒரு கையெழுத்துதான். மனைவின்னு. அப்பறம் எல்லாம் உங்களுக்குத்தான், முன்னூத்தி முப்பத்தொண்ணும் வாரிசு பாத்தியதை. புத்தகத்துல உங்க படமே போடறேன். 'மேஜரின் துணைவியார் முன்னுரை'ன்னு. இத்தனை நாளா கேட்டுட்டிருந்ததும் இதானே?"

"நாங்க கேட்டது இதா சார்?" என்றாள் நிறைமதி. "அவங்க எழுதினதுக்கு அவங்களே வாரிசா?"

"ஏம்மா, எப்படியோ பேரு வருதில்ல. எந்த வழியா வந்தா என்ன?"

"பாப்பா, நீ சின்னப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள் மல்லிகா. "பெரிய மனுஷனுக்குப் பொண்டாட்டின்னா அது ஒரு கௌரவம்."

"எழுதினவங்கன்னா அது கௌரவம் இல்லையா?"

"அதான் யாரும் நம்பலியே கண்ணு."

மல்லிகா சொன்னது அத்தனையும் நிஜம் என்று நிறைமதிக்கும் தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் தையல்நாயகிக்குப் புத்தகம் கிடைக்கும், போடாவிட்டால் மேஜர் தன் முன்னூற்று முப்பத்தொரு நாவல்களையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போவார், இறப்புச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் அதன்பிறகு அந்த ஆள் இருந்தவன், எழுதியவன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைக் கடலை மடிக்கக் கொடுக்கலாம்.

தையல்நாயகி தட்டைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவி, புடவை மாற்றி, கைப்பையோடு வந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போவோம் தம்பி. அங்க வச்சுப் போடறேன்."

ஊர்வலம்போலத்தான் போனார்கள், தட்டு முன்னால். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார். பாலகுரு காகிதத்தை மேசைமேல் விரித்து, 'மனைவி' என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"நான் அவரோட பொண்டாட்டி இல்ல சார்" என்றாள் தையல்நாயகி. "அவரைக் கொன்னது நான்."

மல்லிகா கையிலிருந்த தட்டு சாய்ந்து, வளையல்கள் தரையில் உருண்டோடின. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"என்னம்மா சொல்றீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதினேன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு, நீங்க நம்பல. பொண்டாட்டின்னு இவங்க சொன்னாங்க, உடனே நம்பினீங்க. இதை நம்புவீங்களான்னு தெரியல."

"சும்மா சொன்னா ஆச்சா? எப்படி, எதால, எதுக்கு, எல்லாம் வேணும்."

"தாள் குடுங்க. எழுதித் தர்றேன்."

"அம்மா வேணாம்" என்றாள் நிறைமதி. அவள் சட்டம் தெரிந்தவள். "ஸ்டேஷன்ல குடுக்கற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாது, ஆனா கேஸ் போட்டுருவாங்க, உள்ள வச்சுருவாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு நிறைமதி. நாலு நாளா நீயே பேசற."

எழுதினாள். பதினோரு மணிக்கு ஆரம்பித்தவள், டீ வந்து ஆடை படிந்து ஆறியும் நிமிராமல், ஒரு அடித்தல் இல்லாமல், இரண்டு மணி வரைக்கும் எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது, மேஜரின் வாசகர்கள், பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்கள், ஒரு பேனா ஓடுவதை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் பன்னிரண்டு தாளையும் அடுக்கி, ஓரம் தட்டி, இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, போலீஸ்காரர் படிக்கிறமாதிரி, உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

'அவருக்கு என்னைத் தெரியாது. அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னவள் நான்தான் என்பதும் தெரியாது. ஒரு ஆளை இருபத்தெட்டு வருஷம் உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது வைத்திருந்தவளுக்குத்தான் தெரியும். கொல்வதற்கு அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்தை நான் மூன்று முறை எழுதினேன். இரண்டு முறை அவர் தப்பித்துக்கொண்டார்.'

அற்புதராஜின் உதடு நின்றது. முதலிலிருந்து மறுபடி படித்தார். பிறகு உதடு அசையாமல், கண் மட்டும் ஓட, குனிந்து, கன்னத்தை முழங்கையில் சாய்த்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சில் எப்படிப் படித்தாரோ அப்படிப் படித்தார். போன் அடித்தது. எடுக்கவில்லை. பாலகுரு என்னவோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது தாளைத் திருப்பிப் போட்டபோது ஏட்டு அதை எடுத்துக்கொண்டார், ஏட்டிடமிருந்து வாசலில் நின்ற கான்ஸ்டபிள், கான்ஸ்டபிளிடமிருந்து ஜன்னல் கம்பி வழியாக ஒரு வாசகர், அவரிடமிருந்து அடுத்தவர். தாள் போன பக்கமெல்லாம் பேச்சு அடங்கிக்கொண்டே போனது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாதா மாதம் எட்டாம் தேதி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கின எழுத்து எது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன.

பன்னிரண்டாவது தாளில், சட்டப்படி, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். முழுப் பெயராக.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டு, "கேஸ் எழுதுய்யா" என்றார். "இறந்தவர் உடல் இருக்கு, வாக்குமூலம் இருக்கு. எழுதாம இருக்க முடியாது."

ஏட்டு படிவத்தை எடுத்துக்கொண்டு தையல்நாயகிக்கு எதிரே உட்கார்ந்தார். பெயரைக் கேட்டார், தகப்பனார் பெயரைக் கேட்டார், வயது, முகவரி.

"தொழில்?"

தையல்நாயகி வாயைத் திறந்தாள். வரவில்லை. நிறைமதி அவளுக்காகச் சொல்லப் போனாள், நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் நாக்கு நுனியில் இருந்தது.

"எழுத்தாளர்னு போடு" என்றார் அற்புதராஜ்.

ஏட்டு நிமிர்ந்து, எழுந்து நின்றுவிட்டிருந்த தன் அதிகாரியைப் பார்த்தார். குனிந்து, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற தலைப்புக்குக் கீழே, நிறுத்தி நிதானமாக அதை எழுதினார்.